கல்லூரி வளாகமும் பறவைப் பட்டியலும்

‘எங்கள் வளாகத்தில் இத்தனை வகைப் பறவைகள் உள்ளன’ என்ற பெருமிதமான அறிவிப்பை இன்று பல கல்லூரிகளின் ஆண்டு மலர்களில் காணலாம். இயற்கை மன்றத்து மாணவர்கள் விடியுமுன் எழுந்து, பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, விடுதிக்குப் பின்னாலுள்ள முட்புதர்களைச் சுற்றிவந்து தொகுத்த பட்டியல் அது. சில இடங்களில் வண்ணப் படங்களும் சேர்ந்து கையேடாகவே அச்சாகிவிடுகிறது. கதைக்கும் கவிதைக்கும் திறனாய்வு எழுதும் நாம், மாணவர்களின் உழைப்பில் விளைந்த இந்த அறிவியல் எழுத்தைப் பாராட்டியதோடு நின்றுவிடுகிறோம். பாராட்டு உரியதே. ஆயினும் ஒரு வளாகத்தின் உயிரினங்களை அறிந்துகொள்ள இப்பட்டியல்கள் எவ்வளவு உதவுகின்றன, எந்த இடத்தில் கைவிடுகின்றன என்பதைச் சற்றுக் கடுமையாகவே ஆராய வேண்டியிருக்கிறது. ஏனெனில், அந்த முட்புதரை அகற்றிக் கட்டடம் எழுப்பும் திட்டம் வரும் நாளில், அவ்விடத்தைப் பற்றிப் பேச நம் கையிலிருக்கும் ஒரே சான்று பெரும்பாலும் இப்பட்டியல்தான்.

கல்லூரி வளாகத்துக்குள் காட்டு உயிர்கள் எப்படி வந்தன என்று சிலர் வியப்பதுண்டு. பல இடங்களில் அவை வந்தவை அல்ல. அவை அங்கேயே இருந்தன, கல்லூரிதான் பின்னால் வந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் ஜார்ஜ் டவுனின் நெருக்கடியிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியபோது அங்கே இருந்தது சேலையூர்ப் புதர்க்காடு. அவ்வளாகம் ஏறத்தாழ 365 ஏக்கர். 1959-ல் தொடங்கப்பெற்ற சென்னை ஐ.ஐ.டி.க்குக் கிண்டிக் காட்டின் ஒரு பகுதி பிரித்துக் கொடுக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 250 எக்டேர். பக்கத்திலுள்ள கிண்டி தேசியப் பூங்காவோ சுமார் 270 எக்டேர். ஆக, பூங்காவுக்கு ஏறக்குறைய ஈடான நிலம் ஒரு கல்வி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மதிலுக்கு அப்புறம் மான், இப்புறம் மாணவர் என்று எண்ணிவிட வேண்டாம். மான்கள் இருபுறமும் உண்டு.

இவ்விரு வளாகங்களிலும் எஞ்சியிருப்பது சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு வகை. களா, சூரை, காரை, காசான், அழிஞ்சில், வெப்பாலை, இவற்றிடையே பனை. உயரம் குறைவு, முள் அதிகம், கோடையில் புழுதி படிந்த இலைகள். மலைக்காடுகளை நாட்காட்டிப் படங்களில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது காடாகவே தெரியாது. வரைபடம் வரைபவர் இதைக் ‘காலியிடம்’ என்று குறித்துவிட்டுப் போவது மிக எளிது.

இனிப் பட்டியலுக்கு வருவோம். எண்ணிக்கையைக் கொண்டு ஒரு வளாகத்தை மற்றொன்றோடு ஒப்பிடுவதே முதல் குறை. ஒருவர் ஒரு வளாகத்தில் முதல் நாள் ஒரு மணி நேரம் நடந்து 25 வகைகளைக் குறித்தார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அதே பாதையில் நடந்தால் புதிதாக எட்டுப் பெயர் சேரலாம். மூன்றாம் நாள் நான்கு. பத்தாம் நாள் ஒன்று. இருபதாம் நாள் ஒன்றுமே சேராமலும் போகலாம். நாட்களைக் கிடைக்கோட்டிலும் பெயர்களின் கூட்டுத்தொகையை நேர்க்கோட்டிலும் குறித்து வரைந்தால், முதலில் செங்குத்தாக ஏறிப் பின்னர் மெல்லச் சாய்ந்து படுக்கும் ஒரு வளைகோடு கிடைக்கும். இதைக் கல்லூரி மாணவர் எவரும் வரைபடத்தாளில் தாமே வரைந்து பார்க்கலாம். இந்த வளைகோட்டின் எந்தப் படியில் ஒரு வளாகம் நிற்கிறது என்று சொல்லாமல், ‘அவர்களிடம் 90, எங்களிடம் 140’ என்பது, ஒருவர் ஒரு நாள் உழைத்த கூலியையும் மற்றவர் ஒரு மாதம் உழைத்த கூலியையும் ஒப்பிடுவது போன்றது. 140 என்ற எண் அங்கே பறவைகள் மிகுதி என்பதைக் காட்டலாம். நடந்தவர்கள் மிகுதி என்பதை மட்டும் காட்டவும் கூடும். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்த மாதங்களில் நடந்தார்கள் என்ற மூன்று விவரமும் இல்லாத பட்டியலை அறிவியல் பதிவு என்று ஏற்பது கடினம். நான் பார்த்த கையேடுகளில் பெரும்பாலானவற்றில் இவ்விவரம் இல்லை. முன்னுரை வழங்கிய பெரியவர்களின் பட்டங்கள் மட்டும் முழுமையாக இருக்கின்றன.

அடுத்த குறை இன்னும் ஆழமானது. பட்டியலில் ஒரு முறை ஏறிய பெயர் பிறகு இறங்குவதே இல்லை. ஒரு முட்புதர் அழிந்து, அதிலிருந்த கௌதாரி போய்விட்டாலும் பட்டியலில் கௌதாரி இருந்துகொண்டே இருக்கும். இடம் சுருங்கச் சுருங்கப் பட்டியல் மட்டும் நீளும் விந்தை இது. இதன் விளைவு எத்தகையது என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகு எனப்படும் பாறுவின் வரலாறே போதும். வெண்முதுகுப் பாறு ஒரு காலத்தில் நாடெங்கும் மிகச் சாதாரணமாகக் காணப்பட்ட பறவை. 1990-களிலும் அதன்பின் வந்த சில ஆண்டுகளிலும் இந்தியாவில் அதன் எண்ணிக்கை 99 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது. மாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கி மருந்தே காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. 2006-ல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதற்குத் தடை வந்தது. இந்த வீழ்ச்சியை முதலில் உலகறியச் செய்தவர்களுள் ஒருவரான விபு பிரகாஷ், ராஜஸ்தானத்திலுள்ள பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் 1980-களில் பாறுகளை எண்ணிப் பதிவு செய்திருந்தார். 1990-களின் பிற்பகுதியில் அதே இடத்தில் மீண்டும் எண்ணினார். இரண்டு எண்ணிக்கையும் கையிலிருந்ததால்தான் இழப்பு புலப்பட்டது. வெறும் பெயர்ப் பட்டியல் மட்டும் இருந்திருந்தால், கடைசிப் பாறு மறையும் வரை அப்பட்டியலில் எந்த மாற்றமும் தெரிந்திராது.

இக்குறையைப் பெருமளவு நீக்கிய ஏற்பாடு ஒன்று இப்போது நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் 1998-ல் தொடங்கிய பிப்ரவரி மாதப் பறவைக் கணக்கெடுப்பில் 2013 முதல் இந்தியரும் கலந்துகொள்கின்றனர். அதன் ஒரு பகுதியாகக் கல்லூரி வளாகங்களுக்கென்றே தனிக் கணக்கெடுப்பும் நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் நோக்கி, கண்டவற்றின் பெயரையும் எண்ணிக்கையையும், செலவிட்ட நேரத்தையும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ‘இ-பேர்ட்’ என்ற கணிப்பொறித் தளத்தில் பதிய வேண்டும். அங்கே கேட்கப்படும் ஒரு கேள்விதான் முக்கியமானது: அடையாளம் காண முடிந்த பறவைகள் அனைத்தையும் குறித்தீர்களா? ‘ஆம்’ என்று பதில் வந்தால், குறிக்கப்படாத பறவை அன்று அவர் கண்ணிலோ காதிலோ படவில்லை என்று பொருள். இவ்வாறு ‘இல்லை’ என்பதும் ஒரு செய்தியாகிவிடுகிறது. பத்துப் பட்டியல்களில் எட்டில் செம்போத்து இருந்தால் அதன் நிகழ்வு 80 விழுக்காடு. ஐந்தாண்டுக்குப் பின் அது 30-க்கு இறங்கினால் காரணம் தேட வேண்டும். 2023-ல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற அறிக்கை இத்தகைய பதிவுகளைக் கொண்டே எழுதப்பட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய விவரம் கிடைத்த 338 பறவையினங்களில் 60 விழுக்காடு குறைந்து வருவதாக அது கூறுகிறது. அதற்குள் மாணவர்களின் காலை நடைகளும் அடங்கியிருக்கின்றன என்பது சிறிய செய்தியன்று.

ஆனாலும் பிப்ரவரியின் நான்கு நாள் என்பது ஒரு வளாகத்தின் ஆண்டு ஆகாது. வலசை வந்த பறவைகள் இருக்கும், வானம் தெளிந்திருக்கும், தேர்வுக்கு இன்னும் நாளிருக்கும், எல்லாம் வசதியே. முதல் மழைக்கு ஈசல் புறப்படுவதையும், அதைக் கொத்தக் கரிச்சான் முதல் காகம் வரை திரளுவதையும் அப்போது காண முடியாது. குட்டையில் தவளைகள் கத்துவதையும் கேட்க முடியாது. இரவில் சாலையோரம் அமரும் பக்கியும், கூரையில் திரியும் மரநாயும் காலை ஏழு மணிக் கணக்கில் வருவதில்லை. கணக்கெடுப்பை நடத்துவோர் ஆண்டு முழுவதும் பதியுமாறுதான் சொல்கிறார்கள். நம் மன்றங்கள்தாம் அதைப் பொங்கல் விழாப் போல ஆண்டுக்கொரு முறையோடு முடித்துக்கொள்கின்றன.

கையேடுகளின் மற்றொரு பகுதி, பெயர்கள். தமிழ்வழி மாணவருக்கு இது நேரடியாகத் தொடர்புடையது. சாலிம் அலியின் ‘இந்தியப் பறவைகள்’ ஆங்கில நூல் 1941-ல் வெளிவந்தது. அதன் பெரிய சிறப்பு, பறவையின் அளவை அங்குலத்தில் மட்டும் சொல்லி விட்டுவிடாமல் சிட்டுக்குருவி, மைனா, காகம், பருந்து என்று நாமறிந்த பறவைகளோடு ஒப்பிட்டுச் சொன்னது. ‘மைனாவைவிடச் சற்றுச் சிறியது’ என்றால் எந்த ஊராருக்கும் புரியும். நம் வளாகக் கையேடுகள் அந்த எளிமையைப் பின்பற்றவில்லை. படங்களிலும் ஆண் பறவைக்கே முதலிடம். கறுப்புக் குயிலைப் பார்த்த மாணவர், உடலெங்கும் புள்ளியுள்ள பெண் குயிலை வேறொரு பறவை என்று எண்ணித் தடுமாறுவது இதனால்தான்.

தமிழ்ப் பெயர்களிலோ ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் வழக்கம் மிகுந்துவிட்டது. வெண்புருவ, கருந்தலை, செம்மார்பு என்று உடலுறுப்பும் நிறமுமாகவே பெயர்கள் அமைகின்றன. ஒரே குடும்பத்து இனங்களைப் பிரித்தறிய இந்த அடைமொழிகள் தேவை, மறுக்கவில்லை. ஆனால் ஊர் வழக்கிலுள்ள பெயர்களில் வேறொன்று இருக்கிறது. ஆளைக் கண்டதும் கத்திக் காட்டிக்கொடுப்பது ஆள்காட்டி. குக்குக்கென்று ஓயாமல் ஒலிப்பது குக்குறுவான். ஒவ்வொரு பெயரும் யாரோ ஒருவர் நெடுநேரம் கவனித்ததன் முடிவு. கையேட்டில் பெயருக்கு எதிரே இந்த விளக்கத்தை ஒரு வரியில் சேர்த்தாலே மாணவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.

ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்வோம். பச்சை முதுகும் நீலச் சிறகுத் திட்டும் வாலடியில் செந்நிறமும் கொண்ட இப்பறவை, காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கை ஒலி எழுப்புவதால் இப்பெயர் பெற்றது. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவில் பறக்கும் பறவையாதலால், அக்டோபர் மாதத்தில் களைத்துப்போய் வீடுகளின் முற்றத்திலும் மொட்டை மாடியிலும் விழுந்து கிடப்பதும் உண்டு. சென்னை வளாகங்களின் பட்டியலில் இதன் பெயர் இருந்தால் மாணவர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. சரி, இது எங்கே இரை தேடுகிறது? மர நிழலில், உதிர்ந்து மக்கும் சருகைப் புரட்டி, அடியிலிருக்கும் பூச்சி புழுக்களைத் தின்கிறது. அந்தச் சருகைத்தான் ‘தூய்மை வளாகம்’ என்ற பெயரில் நாள்தோறும் பெருக்கிக் குவித்துக் கொளுத்துகிறோம். பட்டியலின் ஒரு பக்கத்தில் ஆறுமணிக்குருவியின் வண்ணப்படம். மறுபக்கத்தில் துடைப்பத்துடன் நிற்கும் தன்னார்வலர்களின் குழுப்படம். இரண்டுக்கும் உள்ள முரண்பாட்டைக் கையேட்டைத் தொகுத்தவர்கள் கவனிக்கவில்லை. பெயரை மட்டும் பார்த்துப் பழகினால் இப்படித்தான் ஆகும்.

வெளிமானின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. பெயரிலேயே ‘வெளி’ இருக்கிறது. திறந்த புல்வெளியில் தொலைவிலேயே பகையைக் கண்டு ஓடித் தப்பும் உடலமைப்பு அதற்கு. புள்ளிமானோ மர நிழலையும் புதரையும் விரும்புவது. இரண்டும் கிண்டியில் அருகருகே வாழ்கின்றன. ஷங்கர் ராமன், மேனன், சுகுமார் ஆகியோர் கிண்டிப் பூங்காவின் இவ்விரு மான்களையும் 1990-களின் தொடக்கத்தில் ஆராய்ந்து, 1996-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் கட்டுரை வெளியிட்டனர். போலோ மைதானம் என்றழைக்கப்படும் திறந்தவெளியை வெளிமான்கள் எவ்வளவு சார்ந்திருக்கின்றன என்பது அதனால் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே புல்வெளியில் மரக்கன்று நடுவது புள்ளிமானுக்கு ஒருவேளை உதவலாம்; வெளிமானுக்கு அது வீட்டை இடிப்பதற்குச் சமம். ஆனால் மரம் நடுவிழாவை எதிர்த்து எந்த மாணவர் பேசுவார்? ‘மரம் நல்லது’ என்று தொடக்கப் பள்ளியிலிருந்து கற்பித்திருக்கிறோம். எங்கே நடுவது என்ற கேள்வியை எந்த வகுப்பிலும் கற்பிக்கவில்லை. ‘பாலூட்டிகள்: புள்ளிமான், வெளிமான், கீரி, நரி’ என்று ஒரே வரியில் அடுக்கிச் செல்லும் கையேட்டிலிருந்து இவ்வேறுபாட்டை ஒருவர் அறிய வழியே இல்லை. தரையில் கூழாங்கற்களிடையே முட்டையிடும் ஆள்காட்டிக்கும் அதே வெட்டவெளிதான் வீடு. அந்த வெளியைக் காலியிடம் என்று சொல்பவரிடம், ‘ஆள்காட்டி எங்கள் பட்டியலில் 37-வது எண்’ என்று பதில் சொல்லிப் பயன் என்ன? இந்தப் பகுதியில், இந்த மாதங்களில், இத்தனை கூடுகள் என்று சொன்னால் கேட்பவர் சற்றேனும் நின்று கேட்பார்.

பெயரைத் தாண்டிய நோக்கலுக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்ற எண்ணமும் சரியன்று. சாலிம் அலியைப் பறவையியலாளராக நிலைநிறுத்திய முதல் ஆய்வு, பம்பாய்க்கு அருகே கிகிம் என்ற கடலோரச் சிற்றூரில் அவர் வேலையின்றி இருந்த நாட்களில், 1930-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் நடந்தது. ஒரு தூக்கணாங்குருவிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு அவர் பல நாள் உட்கார்ந்திருந்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டிவிட்டுக் காத்திருப்பதும், பெண் குருவி வந்து கூட்டைச் சோதித்து ஏற்றுக்கொண்ட பின்னரே அதை முடிப்பதும், பிறகு அந்த ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை எதிர்பார்ப்பதும் அப்போது தெரியவந்தன. நம் பறவைப் பட்டியல்களுக்கெல்லாம் மூலநூலை எழுதியவரின் புகழ் ஒரே ஒரு பறவையினத்திலிருந்து தொடங்கியது என்பதை மன்றங்கள் நினைவில் கொள்ளலாம்.

பெங்களூரில் நடந்தது இன்னும் நமக்கு நெருக்கமானது. ராகவேந்திர கடக்கர் கல்லூரி மாணவராக இருந்தபோது வகுப்பறைக் கட்டடத்தின் சன்னல்களில் காகிதக் குளவிகள் கூடு கட்டியிருப்பதைக் கவனித்தார். பின்னர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டத்துக்கு உழைத்த காலத்திலும் குளவியை விடவில்லை. இறுதியில் அதுவே அவருடைய துறையாயிற்று. ஒவ்வொரு குளவியின் உடலிலும் வண்ணச் சாயத்தால் வெவ்வேறு புள்ளி வைத்து, இன்னார் என்று பிரித்தறிந்து, எது என்ன செய்கிறது என்று எழுதி வந்தார். இவ்வகைக் குளவியில் அரசி மிகச் சாதுவானது. அரசியைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டால், பணிக்குளவிகளில் ஒன்று சில நிமிடங்களிலேயே மற்றவற்றை அதட்டி விரட்டத் தொடங்குகிறது. அரசி திரும்பி வராவிட்டால் அதுவே அடுத்த அரசியாகிறது. அரசியானதும் அதன் சீற்றமும் அடங்கிவிடுகிறது! குறைந்த செலவில் விலங்கு நடத்தையை ஆராயும் முறைகளை விளக்கி 2021-ல் அவர் ஒரு நூலும் எழுதினார். எந்தக் கல்லூரிச் சன்னலிலும் குளவிக்கூடு உண்டு. வளாகக் கையேடுகளில் ‘குளவிகள்’ என்ற சொல்லே அரிதாகத்தான் வருகிறது. வந்தாலும் எச்சரிக்கைப் பகுதியில் வருகிறது.

ஒரே இடத்தை நெடுங்காலம் நோக்குவதில் பல்கலைக்கழகங்களுக்கு உள்ள வாய்ப்பை ஆக்ஸ்ஃபோர்டு நன்கு காட்டியிருக்கிறது. அப்பல்கலைக்கழகத்துக்கு 1940-களில் கிடைத்த வைத்தம் காட்டில், பட்டாணிக் குருவியின் உறவினமான ஒரு பறவையை டேவிட் லாக் 1947-ல் ஆராயத் தொடங்கினார். அந்தப் பதிவு இன்றுவரை அறுபடவில்லை. வசந்தம் முன்கூட்டி வெப்பமடைவதால், 1961-க்கும் 2007-க்கும் இடையே அப்பறவை முட்டையிடும் காலம் ஏறத்தாழ இரண்டு வாரம் முந்திவிட்டது என்பது அதனால்தான் தெரிந்தது. தொடங்கியவர் மறைந்த பின்னரும் பதிவு தொடர்ந்தது என்பதே இதில் நாம் பார்க்க வேண்டியது.

நம் கல்லூரிகளில் அறுந்துபோவது இந்தத் தொடர்ச்சிதான். ஆர்வமுள்ள மாணவர் மூன்றாண்டில் பட்டம் பெற்றுப் போய்விடுகிறார். அவருடைய நோட்டும் அவருடன் போகிறது. அடுத்து வரும் மாணவர் மறுபடியும் காகம், மைனா என்று முதலிலிருந்து தொடங்குகிறார். அச்சான கையேடு இதற்கு மாற்று ஆகாது; அதில் தேதிகள் இல்லை. எனவே ஒரு மன்றம் அடுத்த கையேட்டுக்குச் செலவிடப் போகும் பணத்தில் சிறு பகுதியைக் கொண்டு வேறொன்று செய்யலாம். வளாகத்துக்குள் ஒரு கிலோமீட்டர்ப் பாதை ஒன்றை நிரந்தரமாகக் குறித்துக்கொள்ளட்டும். அது நிழற்சாலை வழியாக மட்டும் போகாமல் புதர், வெட்டவெளி, குட்டை, உணவுவிடுதிக் குப்பைமேடு எல்லாவற்றையும் தொட்டுச் செல்லட்டும். வாரம் ஒரு நாள், அதே நேரத்தில், யாராவது இருவர் நடந்து, கண்டதையும் காணாததையும் எழுதட்டும். எந்த மரம் பூத்தது, எந்தப் புதர் வெட்டப்பட்டது என்பதும் அதில் இருக்கட்டும். எருக்கஞ்செடியைக் களை என்று வெட்டிய வாரத்துக்குப் பின், எருக்கிலையைத் தின்று வளரும் வெந்தயவரியன் வண்ணத்துப்பூச்சி எத்தனை வாரம் காணாமல் போயிற்று என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். இணையத் தளத்தில் பதிவதோடு, நோட்டின் ஒரு படி கல்லூரி நூலகத்தில், வரிசை எண்ணுடன், ஆசிரியரும் மாணவரும் கேட்டுப் பெறும் நிலையில் இருக்க வேண்டும்.

பொறுப்பாசிரியர் விலங்கியல் துறையினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாம்பரம் வளாகத்தின் தாவரங்களைத் தேடித் தேடி அறிந்த எட்வர்டு பார்ன்ஸ் வேதியியல் பேராசிரியர். அவ்வட்டாரப் பறவைகளைக் கூர்ந்து நோக்கிப் பட்டியலிட்ட கிஃப்ட் சிரோமணி (1932–1988) கணிதமும் புள்ளியியலும் கற்பித்தவர். வரும் அக்டோபரில் தொடங்கினால், ஆறுமணிக்குருவி வந்து சேரும் தேதி நோட்டின் முதல் பக்கங்களிலேயே இடம்பெற்றுவிடும். அதுவரை மரத்தடிச் சருகைக் கொளுத்தாமல் விட்டுவைக்கும்படி தோட்டக்காரரிடம் சொல்லிவைப்பது நல்லது.